ஓர்க்கிட் சாத்தலாமா?

வாசம் கிடையாது. வண்டு வராது. விதை பிடிக்காது. இரண்டு மாதம் ஆனாலும் வாடாது. இப்படி ஒரு பூவை மாரியம்மனுக்குச் சாத்தலாமா என்று எங்கள் தோட்டத்துக் கோயில் கமிட்டியில் ஒரு பிரச்சினை எழுந்தது. பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில், நமுனுகுல மலையைப் பார்த்தபடி இருக்கும் தோட்டம் எங்களுடையது. இங்கே பிறந்து கொழும்பில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, திருவிழாவுக்குச் சன்னிதி முழுவதும் ஓர்க்கிட் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். காப்புக் கட்டிய நாளில் வைத்தால் மஞ்சள் நீராட்டு முடியும்வரை அப்படியே இருக்கும், தினமும் பூக்கட்டும் வேலை மிச்சம் என்பது அவர் கணக்கு. பூசாரி மாமா ஒப்பவில்லை. "அது மனுசன் செஞ்ச பூவு. சாமி படைச்சதத்தான் சாமிக்குக் குடுக்கணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சரம்மா சயன்ஸ் படிச்சவங்க, அவங்களே சொல்லட்டும்" என்று பொறுப்பை என்னிடம் தள்ளிவிட்டார்.

தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். சிறு பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து அதே கோயிலுக்குப் பூக் கட்டுகிறவளும் நான்தான். அதனால் இந்தக் கேள்வியைச் சும்மா விட முடியவில்லை.

மாமா சொன்னதில் உண்மை உண்டு. இரண்டு ஓர்க்கிட் இனங்களை மனிதர் கையால் சேர்த்து உண்டாக்கிய முதல் செடி 1856இல் இங்கிலாந்தில் பூத்தது. எக்சிட்டர் ஊரில் வீச் குடும்பத்தாரின் நாற்றுப்பண்ணையில் வேலை செய்த ஜோன் டோமினி என்ற தோட்டக்காரர் அதைச் செய்தார். ஆனால் கலப்புச் செய்வது சுலபம், முளைக்க வைப்பதுதான் கடினம். ஓர்க்கிட் விதை தூசியைப் போன்றது. ஒரு காய்க்குள் லட்சக்கணக்கில் இருக்கும், ஒன்றிலும் சேமித்த உணவு இருக்காது. காட்டில் ஒரு பூஞ்சணம் வந்து ஊட்டினால்தான் அது முளைவிடும். 1922இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன், சீனி கலந்த அகர்க் கூழில் பூஞ்சணம் இல்லாமலே விதைகளை முளைக்க வைத்தார். 1960இல் பிரான்சில் ஜோர்ஜ் மொரெல், குருத்து நுனியின் ஒரு துணுக்கிலிருந்து ஒரே செடியைப் பல்லாயிரமாகப் பெருக்கும் வழியைத் திறந்துவிட்டார். அதன் பிறகு கேட்ட நிறம், கேட்ட உயரம், கேட்ட ஆயுள் என்றாகிவிட்டது. பிரேசில் மலைகளின் குளிர்ந்த மூட்டத்தில் வளரும் கற்லியா கொக்சினியா என்ற குட்டிச் செடியிலிருந்து செக்கச் சிவப்பையும் குள்ளத்தையும் எடுத்துப் பெரிய கற்லியாக்களுக்குக் கொடுத்தார்கள். பிலிப்பைன்சின் ஃபெலனொப்சிஸ் ஈக்வெஸ்ட்ரிஸ் என்ற இனத்திலிருந்து, கட்டையாக நின்று கொப்புக் கொப்பாகப் பூக்கும் குணத்தை எடுத்தார்கள். ஜன்னல் ஓரத்து மேசைக்கு எந்த அளவு சரியோ அந்த அளவில் செடி வந்தது.

ஆயுளின் சங்கதிதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. என் மகள் கொண்டுவந்து தந்த ஊதா ஃபெலனொப்சிஸ் ஒன்று எங்கள் இஸ்தோப்பில் இருக்கிறது. பூவின் நடுவே ஆண் பாகமும் பெண் பாகமும் ஒன்றாகக் கூடிய ஒரு சிறு தண்டு, அதன் நுனியில் அரிசிக் குருணை அளவில் ஒரு வெள்ளைத் தொப்பி. தென்னை ஈர்க்கின் முனையால் அந்தத் தொப்பியைக் கீழிருந்து மெல்ல நெம்பினால் அது கழன்று விழும். பசையோடு இரண்டு மஞ்சள் மணிகள் ஈர்க்கில் ஒட்டிக்கொண்டு வரும். அந்தப் பூவின் மகரந்தம் முழுவதும் அந்த இரண்டு மணிகளுக்குள் அடங்கியிருக்கிறது. தொப்பிக்குச் சற்றுக் கீழே ஈரமாகப் பளபளக்கும் ஒரு குழி. மணிகளை அந்தக் குழியில் வைத்தேன். மறுநாள் மாலையே இதழ்களின் ஓரம் தொய்ந்தது. அதற்கடுத்த நாள் பூ கூம்பிவிட்டது. அதே கொப்பில் நான் தொடாத பூக்கள் வாரக்கணக்கில் அப்படியே நின்றன. மகரந்தம் சேர்ந்ததும் பூவுக்குள் எதிலீன் என்ற வாயு உண்டாகிறது. வாழைக்குலை பழுக்கும்போது வரும் அதே வாயுதான். பழுக்கிற குலைக்குப் பக்கத்தில் ஓர்க்கிட் தொட்டியை வைத்தால் மொட்டு உதிர்வதும் இதனால்தான்.

அப்படியென்றால் ஓர்க்கிட் வாடாமல் நிற்பது, வரவேண்டிய வண்டு வராததால். தாய்வானிலும் ஒல்லாந்திலும் கண்ணாடிக் கூடத்துக்குள் வளர்ந்து கப்பலேறி வந்த செடிக்கு நமுனுகுல மலையில் எந்த வண்டு வரும்? வந்தாலும் பல கலப்பினங்களில் காய் பிடிக்காது. என் பூவிலும் காம்பு கொஞ்சம் பருத்து, மஞ்சளாகி, விழுந்துவிட்டது. வண்டுக்காகப் பூ காத்திருக்கும் காலத்தைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம் என்று நினைத்தபோது மனம் கனத்தது. இப்படி ஏமாந்து நிற்கும் பூவை அம்மன் காலடியில் வைப்பது நியாயமா?

ஆனால் நம்முடைய பழைய வழக்கத்தையும் பார்க்க வேண்டும். விடியுமுன் குளித்துவிட்டு, வண்டு மொய்க்குமுன் பூ எடு என்றுதான் அம்மா என்னைப் படிப்பித்தாள். ஆறுமுக நாவலர் இரண்டாம் சைவ வினாவிடையில் பூசைக்கு ஆகாத பூக்களைச் சொல்லும்போது பழம்பூவையும் உதிர்ந்த பூவையும் பூச்சி கடித்த பூவையும் விலக்குகிறார். சாமிக்குப் போன பூ எதுவும் தன் வண்டைக் கண்டதில்லை. மல்லிகையை மொட்டிலேயே பறிக்கிறோம். அது காய்க்க வேண்டும் என்று நாம் என்றைக்கும் விட்டதில்லை. வண்டு தொடாதது குறை என்றால் அந்தக் குறை நாம் தொடுத்த மாலை எல்லாவற்றிலும் இருக்கிறது. வாசம் இல்லை என்பதும் நிற்காது. செம்பருத்திக்கு என்ன வாசம்? அம்மனுக்கு அதைவிட உகந்த பூ எது?

மனிதர் செய்தது என்ற வாதத்துக்கு நான் மாமாவிடம் வாழைப்பழத்தைத்தான் காட்டினேன். காட்டு வாழைக்குள் பல்லை உடைக்கும் கறுத்த விதைகள் நிறைய இருக்கும். நாம் தட்டில் வைக்கும் பழம் பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதர் தேர்ந்து தேர்ந்து வைத்துக்கொண்ட விதையற்ற வகை. இரண்டு காட்டு இனங்கள் கலந்து வந்தவையே நம் ஊர் வகைகளில் பல. தானாக விதை போட்டுப் பெருகத் தெரியாது. மனிதர் கன்றைப் பிடுங்கி நட்டால்தான் அதற்கு அடுத்த தலைமுறை. விதையற்ற கலப்பினம் ஆகாது என்றால் இத்தனை தலைமுறையாக எந்தப் பூசையும் நடந்திருக்க முடியாது. நாடு பார்த்தும் விலக்க முடியாது. முதியங்கணை விகாரையில் குவியும் அரலியாப் பூவை நம் பழைய தமிழ் ஈழத்தலரி என்கிறது. அதன் பூர்வீகம் நடு அமெரிக்கப் பக்கம். நாகலிங்கப் பூ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. இங்கே அதையே புத்தர் பிறந்தபோது பூத்த சால் மரம் என்று கும்பிடுகிறார்கள். சிவன் கோயிலில் அதற்குள் லிங்கத்தைப் பார்க்கிறார்கள். துலுக்கச் செவ்வந்தி மெக்சிக்கோச் செடி. அதன் ஊரை நம் கோயில்கள் ஒருபோதும் கேட்டதில்லை.

மாமா அதோடு விடவில்லை. "சரி டீச்சரம்மா, ஒரு செடிய அறுத்து பத்தாயிரம் செடி பண்றாங்களே, அதுக்கெல்லாம் உசுரு எங்கேருந்து வருது?" என்று கேட்டார். எனக்கு வந்த கேள்விகளிலேயே பெரியது இதுதான்.

சிவஞான சித்தியார் உயிர்களின் நால்வகைத் தோற்றத்தையும் எழுவகைப் பிறப்பையும் எண்பத்து நான்கு நூறாயிரம் யோனி பேதத்தையும் கணக்கிட்டுச் சொல்கிறது. தாவரமும் அந்த ஏழில் ஒன்று. ஓர்க்கிட்டுக்குள்ளும் ஓர் உயிர் தன் வினையைக் கழித்துக்கொண்டிருக்கிறது என்பது சித்தாந்தத்தில் வெறும் அலங்காரப் பேச்சல்ல. அந்த உயிரை வெட்டிப் பத்தாயிரமாக்க முடியுமா? முடியாது. உயிர்கள் எண்ணிறந்தவை, யாரும் உண்டாக்காதவை, ஒன்றிலிருந்து ஒன்று உடைந்து வராதவை என்று நம் ஆசிரியர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். ஆய்வுகூடத்தில் கத்தியால் துணுக்கு எடுக்கிறவர் ஓர் உடம்புக்கு இடம் பண்ணிக் கொடுக்கிறார். அந்த உடம்புக்கு உரிய உயிர் அதில் வந்து சேர்கிறது. மரவள்ளித் தடியை வெட்டி நடுகிற நம் வீட்டுக் கிழவி செய்ததும் இதே வேலைதான். மனுசன் செஞ்ச பூ என்று மாமா சொன்னதற்கு என் பதில் இங்கேதான் கிடைத்தது. நிறத்தையும் உயரத்தையும் மனிதர் திட்டம் போட்டார்கள். உயிரை அவர்கள் தொடவே இல்லை.

இது எங்களுக்குப் புதிய சங்கதியும் அல்ல. இந்தத் தோட்டத்தில் இரண்டு வகைத் தேயிலை மலை இருக்கிறது. ஒன்று சீட்லிங் மலை, விதை போட்டு வெள்ளைக்காரன் காலத்தில் வளர்த்தது. மற்றது வீ.பி. மலை. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் தேர்ந்து கொடுத்த செடிகளிலிருந்து ஓர் இலையோடு துண்டு வெட்டி, நாற்றுமேடையில் வேர்விட வைத்து நட்டது. டி.ஆர்.ஐ. 2025 என்ற வகை இலங்கை முழுவதும் பரவியது. அது ஆண்டின் கணக்கல்ல, செடியின் இலக்கம். அந்த மலையில் எங்கே நின்று பார்த்தாலும் தெரிவது ஒரே தாய்ச் செடியின் துண்டுகள். ஆனாலும் அங்கே நாற்பது வருடம் கொழுந்தெடுத்த என் அம்மா இரண்டு செடி ஒன்று என்று சொல்லி நான் கேட்டதில்லை. கான் ஓரத்துச் செடி, கல்லிடுக்குச் செடி, தளிர்விடாமல் வங்கியடித்துக் கிடக்கும் செடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் சொல்வாள். வரட்சி வந்தால் ஆணிவேர் ஆழமாக இறங்கிய சீட்லிங் தாங்கும், வீ.பி. முதலில் வாடும் என்பதும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். புத்தகத்தில் அதைப் பிறகுதான் படித்தேன்.

தேயிலையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அது மரம். விட்டால் வீட்டுக் கூரைக்கு மேல் போகும், வெள்ளைப் பூவும் மஞ்சள் மகரந்தமுமாகப் பூக்கும், காய்க்கும். நாம் மட்டக்கம்பு வைத்து இடுப்பு உயரத்துக்கு மேல் அதை விட்டதில்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, தளிரிலிருந்து மறுபடியும் தொடங்க வைக்கிறோம். ஜூலையில் காய்ந்த காற்று அடிக்கத் தொடங்கியதும் அந்தச் செடி படுகிற பாட்டிலிருந்துதான் ஊவாத் தேயிலைக்கு உலகம் விலை கொடுக்கும் அந்த மணம் வருகிறது. குட்டையாக, ஓயாமல், நீண்ட காலம், பிறருக்காக. ஓர்க்கிட்டிடம் கேட்கிற எல்லாவற்றையும் தேயிலையிடம் கேட்டாயிற்று.

எங்களிடமும் கேட்டார்கள். ஓர்க்கிட் கலப்பினங்களுக்கு வம்சாவளிப் பதிவேடு உண்டு. 1906இல் சாண்டர் பட்டியல் என்று அச்சாகத் தொடங்கியது, இப்போது இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் அதை வைத்திருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கலப்பினங்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. என் இஸ்தோப்பில் நிற்கும் செடியின் தாய், தகப்பன், பாட்டன், பூட்டன் என்று தேடிக்கொண்டே போகலாம். என் பூட்டன் திருச்சிப் பக்கமா, புதுக்கோட்டைப் பக்கமா என்று சொல்ல எங்கள் வீட்டில் ஆளில்லை. எங்கள் முன்னோர் கழுத்தில் தகர டிக்கட்டோடு தோட்ட வேலைக்கு வந்தவர்கள், அந்தத் தகரத்தில் தோட்டத்தின் எண்தான் இருந்தது, ஆளின் ஊர் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கு ஆற்றாமை வராமல் இல்லை. ஆனால் வேறொருவர் தேவைக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள் அந்தத் தேவையோடு முடிந்துபோகவில்லை. குடியிருந்த லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு மாரியம்மன் என்றார்கள். மாசி பிறந்தால் காமனை நட்டார்கள், பூ அம்பு விட்டவன் சிவன் கண்ணில் எரிந்ததை விடிய விடிய ஆடினார்கள், ரதியின் அழுகைக்கு அவனை மீண்டும் எழுப்பினார்கள். எந்தத் துரையின் கணக்குப் புத்தகத்திலும் அந்த இரவுக்குப் பேர் விழவில்லை. ஒன்று எதற்காக உண்டாக்கப்பட்டது என்பதை வைத்து அது யாருக்கு உரியது என்று தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. மேசை அலங்காரத்துக்காக வளர்த்த பூ அம்மனுக்கு ஆகாது என்றால், கொழுந்துக்காகக் கொண்டுவந்த சனத்தின் கரகமும் ஆகாமல் போயிருக்க வேண்டும்.

இன்னொரு நியாயமும் கலப்பினத்தின் பக்கம் இருக்கிறது. வெசாக் காலத்தில் இளஞ்சிவப்பாகத் தொங்கிப் பூப்பதால் சிங்களத்தில் வெசாக் மல் என்று சொல்லும் ஒரு காட்டு ஓர்க்கிட் இந்த நாட்டின் ஈரக்காடுகளில் உண்டு. 1855இல் பேராதனைப் பூங்காவின் துவைற்ஸ் அதை விவரித்து, அப்போதைய குடியேற்றச் செயலாளர் மெக்கார்த்தியின் மனைவி பேரை வைத்தார். 1869இல் எங்கள் மடுல்சீமையில் கோப்பி இலையில் தலைகாட்டிய துரு நோயை ஆராய இங்கிலாந்துக்கு மாதிரி அனுப்பியவரும் இதே துவைற்ஸ்தான். அந்த நோயில் கோப்பி அழிந்ததால்தான் மலை முழுவதும் தேயிலை ஆயிற்று. அந்த வெசாக் பூவைப் பிடுங்கிப் பிடுங்கி விற்றதில் காடு வெறிச்சோடிப் போனது. பண்ணையில் வளர்ந்த கலப்பினத்தை வாங்குகிறவர் காட்டில் ஒரு கிளையை விட்டுவைக்கிறார்.

ஆக, பூவின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கொழும்புத் தம்பி சொன்ன காரணம்தான் எனக்குச் சம்மதமில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா போயா தினங்களில் முதியங்கணைக்குப் போவார். புத்தர் கால் பட்டதாக நம்பும் பதினாறு தலங்களில் அது ஒன்று. பூ வைக்கும்போது சொல்லும் செய்யுளின் பொருளை ஒருமுறை எனக்குச் சொல்லித் தந்தார். இந்தப் பூ வாடுகிற மாதிரி இந்த உடம்பும் போகும் என்று நினைத்தே வைக்க வேண்டுமாம். வாடாத பூவை வைத்தால் என்ன நினைப்பீர்கள் அக்கா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, அப்போதும் நான் வாடுவேன்தானே என்றார். நான் அந்தப் பதிலில் மலைத்துப் போனேன்.

நம் வழி சற்று வேறு. நமக்குப் பூ பாடமல்ல, கொடை. சாத்திய பூ மறுநாள் நிர்மாலியம். அது வாடியிருந்தாலும் சரி, வாடாவிட்டாலும் சரி. வில்வத்தைக் கழுவி மறுபடியும் சாத்தலாம் என்று சலுகை இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் தினமும் பறிக்கிற சிரமம் மிச்சம் என்பதற்காக யாரும் வில்வம் வளர்க்கவில்லை. ஒரு முறை வைத்துவிட்டுப் பத்து நாள் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம் என்பதற்காக ஓர்க்கிட் வாங்கினால், நாம் மிச்சம் பிடிப்பது வேலையை மட்டுமல்ல. காலையில் எழுந்து, பனியில் கை விறைக்கப் பூப் பறித்து, நார் நனைத்து, ஒவ்வொன்றாகத் தொடுத்து, அன்றைக்கு மனதில் இருந்ததை எல்லாம் அதில் வைத்துக் கட்டுகிற அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கிறோம். அம்மனுக்குக் கொடுக்க நம்மிடம் சொந்தமாக இருப்பதே அந்த நேரம்தான். செடி மண்ணுடையது, காசு தம்பியுடையது. தொட்டியோடு சன்னிதியில் வைத்தால் பூவும் சாகாது, அதற்கும் நல்லது என்று ஒரு பிள்ளை சொன்னாள். அவள் கருணை எனக்குப் பிடித்தது. ஆனால் தொட்டியை வாசலில் அலங்காரமாக வைக்கலாம். கையை விட்டுப் போகாத ஒன்றை அருச்சனை என்று சொல்ல முடியாது.

இதையெல்லாம் கமிட்டியில் இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. சாத்தலாம், ஆனால் தினம் மாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மாமாவும் தலைவரும் ஒத்துக்கொண்டார்கள். தம்பிக்குத்தான் மனம் ஆறவில்லை. "இன்னும் ஒரு மாசம் நல்லா இருக்கிற பூவ எடுத்துப் போடுறதா டீச்சர்? அநியாயம்ல?" என்றார். மாமா அவருக்கு, "நேத்துக் குடுத்தத இன்னைக்கும் குடுத்தேன்னு சொல்ல முடியுமா தம்பி?" என்றார். எடுத்த பூவைப் பிரசாதமாக லயத்துக்கு ஒரு கொப்பு என்று கொடுப்பதாக முடிவாயிற்று. தினம் மாற்றுவதென்றால் தம்பியின் காசு காப்புக் கட்டும் நாளுக்கும் கரகம் பாலிக்கும் நாளுக்கும் தேருக்கும் மட்டும்தான் போதும். மற்ற நாட்களுக்குச் செவ்வந்தியும் செம்பருத்தியும் வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கொண்டுவர வேண்டும் என்று தலைவர் அப்போதே கொப்பியில் பெயர் எழுதத் தொடங்கினார். முதல் நாள் முறை மேல் லயத்துக்கு.